படம் என்ற சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களும் ஆசிரியர்களும் மொழிபெயர்ப்போரும் மெய்ப்புத் திருத்துவோரும் ‘படம்’ என்ற சொல்லைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, அவர்கள் கேட்ட முறையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னும் சிக்கலானவை பின்னும் அமைந்துள்ளன. முன்பே விடை சொன்ன செய்தி மீண்டும் வருமிடத்தில், அந்த விடையை மட்டும் சுட்டியிருக்கிறேன்.

படம் என்றால் படம்தானே? அதற்கு வேறு என்ன பொருள் இருக்க முடியும்?

படம் என்ற சொல்லின் பழைய பொருள் துணி. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியில் இச்சொல்லுக்குச் சீலை, சட்டை, போர்வை, திரைச்சீலை, பெருங்கொடி எனத் துணி சார்ந்த பொருள்கள் வரிசையாகக் காணப்படுகின்றன. சித்திரம் எழுதிய சீலை என்ற பொருளும் அவற்றுள் ஒன்று. இன்று நாம் அறிந்த பொருள் அந்தச் சித்திரச்சீலையிலிருந்து கிளைத்ததாகும்.

இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் ஐயங்களில் பாதி தாமே தெளிந்துவிடும். படம் என்பது முதலில் வரையப்பட்ட உருவத்தின் பெயராக இருக்கவில்லை. உருவத்தைத் தாங்கிய பரப்பின் பெயராக இருந்தது.

துணி என்று சொல்கிறீர்கள், அதற்குப் பழைய இலக்கியத்தில் ஆதாரம் உண்டா?

உண்டு. பத்துப்பாட்டுள் ஒன்றான முல்லைப்பாட்டு, போர்ப் பாசறையில் அரசன் தங்கியிருக்கும் இடத்தைக் காட்டுகிறது. அங்கே காவலுக்கு நிற்பவர்கள் நம் மொழி பேசத் தெரியாத வேற்று நாட்டார். சொல்ல வேண்டியதை உடலசைவால் சொல்கிறவர்கள். அவர்களைப் புலவர் நப்பூதனார் ‘உடம்பின் உரைக்கும் உரையா நாவின் படம்புகு மிலேச்சர்’ என்கிறார். படம் புகுதல் என்பது சட்டைக்குள் உடலை நுழைத்தல். உடுத்துவதும் போர்த்துவதும் வழக்கமாக இருந்த நாட்டில், தைத்த ஆடைக்குள் ‘புகுந்த’ மனிதர்கள் புலவரின் கண்ணில் தனியே பட்டிருக்கிறார்கள். அதே இடத்தில் இரண்டு அறைகளைப் பிரிக்கும் திரைக்கு ‘எழினி’ என்ற சொல் வருகிறது. திரையை எழினி என்றும் சட்டையைப் படம் என்றும் ஒரே புலவர் அடுத்தடுத்த அடிகளில் சொல்லியிருப்பது, அன்று இச்சொல் துணியாகவே வழங்கியதற்கு நல்ல சான்று.

இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய மற்றொரு வடிவம் ‘படாம்’. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகனைப் பரணர் பாடிய புறநானூற்று 141ஆம் பாட்டில், மயில் அதை உடுக்காது, போர்த்தாது என்று தெரிந்திருந்தும் ‘படாஅம் மஞ்ஞைக்கு ஈத்த எங்கோ’ என்று வருகிறது. திருக்குறளின் 1087ஆம் குறளில் மதயானையின் முகத்துக்கு இடும் துணி ‘கட்படாம்’ எனப்படுகிறது. கோயில் யானைக்குத் திருவிழாவில் அணிவிக்கும் முகபடாம் என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்றும் மாறாமல் நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் நெல் காயவிட விரிக்கும் தடித்த விரிப்பைப் ‘படங்கு’ என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

துணி எப்படி ஓவியமாக மாறியது? இடையில் என்ன நடந்தது?

ஓவியம் சுவரில் இருந்தவரை அதைப் பார்க்க மக்கள் அதனிடம் போக வேண்டியிருந்தது. துணியில் எழுதிய ஓவியத்தைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் கொண்டு செல்லலாம். இந்திய நாடெங்கும் துணி ஓவியம் பரவியதற்கு முதற்காரணம் இதுவே. விசாகதத்தர் இயற்றிய முத்திராராட்சசம் என்ற வடமொழி நாடகத்தில், யமனுடைய தண்டனைகள் எழுதிய ‘யமபடம்’ ஒன்றை ஏந்தி வீடு வீடாகச் செல்பவனாக ஓர் ஒற்றன் வேடமிடுகிறான். அப்படிப்பட்ட துணியோடு திரிபவனை யாரும் ஐயப்படமாட்டார்கள் என்னும் அளவுக்குப் படம் காட்டுவோர் அக்காலத்தில் எங்கும் இருந்திருக்கிறார்கள். வங்காளத்தின் பட்டுவா எனப்படும் ஓவியர்கள் இன்றும் சுருளை அவிழ்த்துக்கொண்டே கதையைப் பாடுகிறார்கள்.

ஒடிசாவின் பட்டசித்திரம் இந்த மரபின் பெயரையே தாங்கியிருக்கிறது. பருத்தித் துணியில் புளியங்கொட்டைப் பசையையும் சுண்ணப் பொடியையும் கலந்து பூசி, உலர்த்தி, கல்லால் தேய்த்து வழவழப்பாக்கி, அதன் மேல் எழுதுவார்கள். பூரியில் நீராட்டு விழாவுக்குப் பிறகு ஜகந்நாதர் திருமேனி இருவாரம் பொதுமக்கள் பார்வைக்கு வராது. அந்நாட்களில் துணியில் எழுதிய உருவமே அவருடைய இடத்தில் வழிபடப்படும்.

தமிழ்நாட்டில் தஞ்சாவூர் ஓவியத்தைப் பழைய வழக்கில் ‘பலகைப்படம்’ என்பார்கள். பலா மரப் பலகையின் மேல் துணியை ஒட்டி, அதன் மேல் சுண்ணப் பூச்சுக் கொடுத்து, கல்லும் பொன் தாளும் பதித்துச் செய்வது அது. கண்ணுக்குத் தெரிவது பொன்னும் வண்ணமும் என்றாலும் அவற்றின் அடியில் கிடப்பது ஒரு முழம் துணி. கருப்பூர்க் கலம்காரி ஓவியங்களோ துணியாகவே தொங்குகின்றன. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற இந்தக் கலையில் தேருக்கும் பந்தலுக்கும் உரிய தொம்பைகளும் (குழல்போல் தொங்கும் துணிகள்) மேற்கட்டிகளும் (விதானத் துணிகள்) எழுதப்படுகின்றன.

தமிழில் துணியைக் குறிக்கும் வேறு சொல் எதுவும் இப்படி ஓவியத்தைக் குறித்திருக்கிறதா?

‘கிழி’ என்ற சொல் அவ்வாறு வழங்கியிருக்கிறது. கிழி என்பது கிழித்த துணித்துண்டு. அகப்பொருள் நூல்களில் தலைவியை அடைய முடியாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி ஊர் நடுவே வரத் துணிவான். அப்போது அவன் கையில் தலைவியின் உருவம் எழுதிய துணி இருக்கும். மாணிக்கவாசகரின் திருக்கோவையாரில் தலைவன், நலிகின்ற தன்னையும் கார்மயில் போன்ற அவளையும் ‘கிழியொன்ற நாடி எழுதி’க் கைக்கொண்டு வருவேன் என்கிறான். அவன் கையில் இருப்பது துணி. ஊரார் அதில் காண்பது அவளுடைய உருவம். பொருள் பெயர்வதற்குரிய இடம் அதுதான்.

படம் என்ற சொல் சென்ற வழியும் கிழி சென்ற வழியும் ஒன்றே. கிழி வழக்கொழிந்துவிட்டது, படம் நிலைத்துவிட்டது. ஆகவே ‘துணி எப்படிப் படமாகும்’ என்று வியப்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பாட்டைத்தான்.

திருமந்திரத்தில் ‘படமாடக் கோயில்’ என்று வருகிறதே, அது ஓவியமா கொடியா?

பாடல் முழுவதையும் முதலில் பார்ப்போம்: ‘படமாடக் கோயில் பகவற்கொன்று ஈயில், நடமாடக் கோயில் நம்பர்க்கு அங்கு ஆகா, நடமாடக் கோயில் நம்பர்க்கொன்று ஈயில், படமாடக் கோயில் பகவற்கு அது ஆமே.’ கோயிலில் உள்ள இறைவனுக்குக் கொடுப்பது நடமாடும் கோயிலாகிய அடியாருக்குப் போய்ச் சேராது. அடியாருக்குக் கொடுப்பது இறைவனுக்கும் ஆகும் என்பது கருத்து.

இதில் ‘படமாடம்’ என்பதற்கு ஓவியங்கள் தீட்டிய மாடம் என்று பொருள் சொல்வாரும் உண்டு. கொடிச்சீலைகள் கட்டிய மாடம் என்று சொல்வாரும் உண்டு. முதல் விடையில் சொன்னதுபோல் இரண்டு பொருளும் இச்சொல்லுக்கு உரியவை என்பதால் இரண்டையும் இலக்கணம் தடுக்காது. எனக்கு ஓவியம் என்ற பொருளே பொருத்தமாகத் தோன்றுகிறது. நடமாடும் கோயிலுக்கு எதிர்நிலையில் வைக்க வேண்டியது அசையாத, எழுதி வைத்த உருவம். கொடியோ காற்றில் ஆடிக்கொண்டே இருப்பது. அசைவுக்கும் அசைவின்மைக்கும் இடையே உள்ள முரணில்தான் பாட்டின் வலிமை இருக்கிறது.

படம் தமிழ்ச் சொல்லா, வடசொல்லா? நேராகச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பேரகராதி இதை ‘பட’ என்ற வடசொல்லிலிருந்து வந்ததாகக் காட்டுகிறது. வடமொழியில் அச்சொல்லுக்குத் துணி என்பதே பொருள். தனித்தமிழ் அறிஞர்கள் ‘படு’, ‘படர்’ முதலிய வினைகளோடு இதைச் சேர்த்து, பரந்து விரிவது என்ற அடிப்படையில் தமிழ்ச் சொல்லாகக் கொள்வார்கள். விரித்தல் என்ற கருத்து துணிக்குப் பொருந்துவது உண்மையே. ஆனால் யமபடம், பட்டசித்திரம் என வடக்கே இச்சொல் துணி ஓவியத்தோடு சேர்ந்தே வழங்குவதையும், அந்தக் கலை அங்கே பரந்து கிடப்பதையும் பார்க்கும்போது, அகராதி காட்டும் வழியையே நான் ஏற்கிறேன்.

வடசொல் என்றால் விலக்க வேண்டிய சொல் என்று பொருளாகாது. இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்கையும் செய்யுளுக்கு உரியனவாகத் தொல்காப்பியம் வைத்திருக்கிறது. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தால் அமைவதே அது விதிக்கும் கட்டுப்பாடு. படம் என்ற சொல்லிலோ நீக்க வேண்டிய வடவெழுத்தே இல்லை; இரு மொழிக்கும் பொதுவான எழுத்துகளால் ஆனது அது. சங்கப் புலவரின் நாவில் வழங்கிய ஒரு சொல்லை இன்று அயற்சொல் என்று ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

பாம்பு படம் எடுக்கிறது என்கிறோமே, அந்தப் படமும் இதுவும் ஒன்றா?

ஒலியால் ஒன்று, பிறப்பால் வேறு. பாம்பின் படத்தைக் குறிக்கும் வடசொல் ‘ஃபட’ என்பது போன்ற மூச்சொலியோடு தொடங்கும். தமிழில் அந்த ஒலிக்குத் தனி எழுத்து இல்லாததால் இரண்டு சொற்களும் ஒரே வடிவம் பெற்றுவிட்டன. பேரகராதியும் இவற்றைத் தனித்தனித் தலைச்சொற்களாகவே தருகிறது. விரிந்த துணியைப் போலப் பாம்பின் கழுத்து விரிவதால் அந்தப் பெயர் வந்தது என்ற விளக்கம் பல இடங்களில் சொல்லப்படுகிறது. கேட்க அழகாக இருந்தாலும் அதை ஏற்க வேண்டியதில்லை. பாம்பின் படத்துக்குப் ‘பை’ என்ற பழஞ்சொல் தமிழில் உண்டு. திருமாலின் பாம்பணையைப் ‘பைந்நாகப் பள்ளி’ என்று பாடுவது அதனால்தான்.

ஓவியம், சித்திரம், படம் மூன்றும் ஒன்றுதானே? எதை எங்கே எழுதுவது?

மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. ஆனால் மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து வந்தவை. ஓவியம் என்பது ‘ஓவு’ என்ற பழஞ்சொல்லோடு தொடர்புடையது. கையால் எழுதிய உருவத்தையே எப்போதும் குறித்தது. சித்திரம் வடமொழியில் பல வண்ணம், வியப்பு என்ற பொருள்களை உடையது. தமிழில் அது கைத்திறனின் பெயராக வேரூன்றியது. ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்று ஔவையார் பாடலில் வருவதும், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் சித்திரக்காரப்புலி என்ற விருதுப்பெயர் கொண்டதும் திறமையைச் சுட்டியே. படம் மட்டும் திறமையையோ கையையோ சுட்டாமல், மேலே சொன்னபடி பரப்பைச் சுட்டிய பெயர்.

இந்த வேறுபாடு பின்னாளில் பெரும் பயன் தந்தது. கையால் எழுதாத உருவங்கள் வந்தபோது அவற்றை ஓவியம் என்று அழைக்க யாருக்கும் மனம் வரவில்லை. படம் என்ற சொல்லோ எந்தக் கருவியால் ஆனாலும் ஏற்றுக்கொண்டது. ரவிவர்மா 1894இல் பம்பாய்க்கு அருகே தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த தெய்வ உருவங்களும், பிறகு சிவகாசியில் அச்சான நாட்காட்டிகளும் வீட்டுக்கு வீடு ‘சாமி படம்’ ஆயின. மறைந்தவரின் உருவத்தைத் திறந்து வைப்பது படத்திறப்பு ஆயிற்று. தேர்வுத்தாளில் ‘படம் வரைந்து பாகங்களைக் குறி’ என்று வருமிடத்தில் ஓவியம் என்று எழுதிப் பாருங்கள்; பொருந்தாது. கலைப்படைப்பைச் சொல்லும்போது ஓவியம் என்றும், பொதுவாகச் சொல்லும்போது படம் என்றும் எழுதுவதே நல்ல வழக்கு.

படம் என்ற சொல் துணியாக இருந்த காலத்தில் படம் வரைவதை எப்படிச் சொன்னார்கள்?

‘எழுதுதல்’ என்றார்கள். பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்தில் ஓவியங்கள் நிறைந்த மண்டபத்தை ‘எழுத்துநிலை மண்டபம்’ என்கிறது. அங்கே வந்தவர்கள் ஒவ்வோர் உருவத்தையும் சுட்டி, இவள் இரதி, இவன் காமன், இவள் அகலிகை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஓவியரை மதுரைக்காஞ்சி ‘கண்ணுள் வினைஞர்’ என்கிறது. பார்ப்பவர் கண்ணுக்குள் தம் தொழிலை நிறுத்துபவர் என்று அதற்கு நச்சினார்க்கினியர் உரை சொல்வார். ஓவியர்களைப் பற்றி இதைவிடச் சிறந்த பெயரை நான் எங்கும் கண்டதில்லை. கண்ணுக்கு மை எழுதுதல் என்று இன்றும் சொல்வதில் அந்தப் பழைய வினை இருக்கிறது.

புகைப்படத்தில் புகை எங்கே இருக்கிறது? ஒளிப்படம் என்றுதான் எழுத வேண்டுமா?

இதற்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. 1839இல் பிரெஞ்சுக்காரரான தாகேர் வெளியிட்ட ஒளிப்பட முறையில், வெள்ளி பூசிய தகட்டை அயோடின் ஆவியில் காட்டி ஒளியுணரச் செய்து, படம் பதிந்த பின் பாதரச ஆவியில் காட்டி உருவத்தை வெளிப்படுத்துவார்கள். அந்த ஆவியே புகை என்பது ஒன்று. 1887 முதல் பயன்பட்ட மக்னீசியப் பொடி, பளிச்சென்று எரிந்தவுடன் அறை முழுவதும் வெண்புகையை நிரப்பும். அதைக் கண்டவர்கள் இட்ட பெயர் என்பது மற்றொன்று. இரண்டுமே படம் உண்டாகும்போது நிகழ்ந்த துணைச் செயல்களே.

படத்தை உண்டாக்குவது ஒளி. ஆங்கில அறிவியலாளர் ஜான் ஹெர்ஷல் 1839இல் வழக்குக்குக் கொண்டுவந்த ‘ஃபோட்டோகிராபி’ என்ற பெயரும் ஒளியால் எழுதுதல் என்றே பொருள்படும். எனவே ஒளிப்படம் என்பது துல்லியமான சொல். நான் எழுதும்போது அதையே கையாள்கிறேன். புகைப்படம் என்று எழுதுவதைப் பிழை என்று திருத்துவதில்லை, ஏனெனில் அது மக்கள் நாவில் நிலைபெற்ற சொல். நிழற்படமும் ஏற்புடையதே. ஒரே கட்டுரையில் மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுவதை மட்டும் தவிர்க்க வேண்டும்.

சினிமாவுக்கு ஏன் படம் என்று பெயர்? திரையும் துணி, படமும் துணி என்றால் திரைப்படம் கூறியது கூறல் ஆகாதா?

சினிமா வெள்ளைத் துணியில் காட்டப்பட்டதால் நேரே அதற்குப் படம் என்று பெயர் வந்துவிட்டது என்பது தவறான முடிவு. சொல் சென்ற வழி நீண்டது: துணி, துணியில் எழுதிய உருவம், உருவம், ஒளிப்படக் கருவியால் எடுத்த உருவம், அசையும் உருவம். 1905இல் திருச்சியிலிருந்து ஊர் ஊராகக் கூடாரம் அடித்துச் சலனப்படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் காலத்திலும், 1931இல் காளிதாஸ் வெளிவந்து ‘பேசும் படம்’ என்ற தொடர் பரவிய காலத்திலும், படம் என்றால் உருவம் என்ற பொருள் நன்கு நிலைத்துவிட்டது.

ஆகவே திரைப்படம் என்பதற்குத் திரையில் தோன்றும் உருவம் என்று பொருள். கூறியது கூறல் இல்லை. மராத்தியில் சினிமாவை ‘சித்ரபட்’ என்கிறார்கள். சித்திரம் முன்னும் துணி பின்னுமாக அமைந்த அந்தச் சொல் நம் சொல்லுக்கு உடன்பிறப்பு. தெலுங்கிலும் கன்னடத்திலும் காற்றாடியைக் ‘காலிபடம்’, ‘காளிபட’ என்று காற்றோடு சேர்த்துச் சொல்வதில் பழைய துணி இன்னும் பறந்துகொண்டிருக்கிறது.

படிமம், படுதா, படலம் எல்லாம் படத்திலிருந்து வந்தவையா?

இல்லை. படிமம் என்பது ‘பிரதிமா’ என்ற வடசொல்லின் திரிபு. ஒத்த உருவம், சிலை என்று பொருள். கவிதையில் வரும் படிமத்துக்கும், கணினித் துறையில் சிலர் எழுதும் படிமத்துக்கும் அதுவே வேர். படுதா பாரசீகத்தின் ‘பர்தா’விலிருந்து வந்தது, துணி என்ற பொருள் ஒற்றுமையால் மட்டும் இரண்டும் ஒன்றாகத் தோன்றுகின்றன. படலம், படல் ஆகியவற்றுக்கும் படத்தோடு உறவு காட்டத் தேவையில்லை. ஒலி ஒத்திருப்பது வேர் ஒன்று என்பதற்குச் சான்றாகாது. பாம்பின் படம் பற்றிய விடையிலும் அதையே கண்டோம்.

வரைபடமா, வரைப்படமா? நிழல்படமா, நிழற்படமா? ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக அச்சிடுகிறார்கள்.

மெய்ப்புத் திருத்துவோர் மிகுதியாகக் கேட்பது இதுதான். வரைபடம் என்பதே சரி. வரைந்த படம், வரைகின்ற படம், வரையும் படம் என மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை அது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. திரைப்படத்திலோ திரை என்பது பெயர்ச்சொல். திரையில் தோன்றும் படம் என விரிவதால் ப் மிகுகிறது. வரை, திரை இரண்டும் ஐகாரத்தில் முடிந்தாலும் ஒன்று வினை, மற்றது பெயர் என்பதைக் கவனித்தால் குழப்பம் வராது. ஒளிப்படம், புகைப்படம் இரண்டும் திரைப்படத்தைப் போன்றவை.

நிழல் என்பதன் இறுதி லகரம் வல்லினத்துக்கு முன் றகரமாகத் திரியும், எனவே நிழற்படம். ஆவணம், விளக்கம் முதலியவை மகரம் கெட்டு ஒற்று மிகுந்து ஆவணப்படம், விளக்கப்படம் என்றாகும். குறுமை என்னும் பண்புப்பெயரிலிருந்து குறும்படம் வருகிறது. பேசும் படம் என்பது பெயரெச்சத் தொடர் ஆதலால் அங்கே எந்த மாற்றமும் இல்லை. இடைவெளி விட்டே எழுத வேண்டும். படம் நிலைமொழியாக நிற்கும்போதும் இதே முறையில் படக்கதை, படச்சுருள், படத்தொகுப்பு, படப்பிடிப்பு என்று எழுதுக.